கணவர் புலம்பல்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலை மைனஸ் பதினொன்று. கிற்றார்ப் பெட்டியின் பூட்டு உறைந்துபோய்த் திறக்க மறுத்தது. தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்துத் திறந்தேன்.

அப்பாவின் அழைப்பு. என் பாட்டைப் பற்றி அவர் பேசி ஒன்பது வருடம்.

"பிள்ளை, தங்கச்சியின்ரை கல்வெட்டுக்கு நீதான் எழுதித் தரவேணும். வீட்டிலை பாட்டு எழுதுற ஆள் இருக்க, வெளியிலை போய்க் கேக்கிறதோ?"

மாமி, அப்பாவின் ஒரே தங்கை, போன மாதம் இறந்துபோனார். வருகிற 14இல் முப்பத்தோராம் நாள் சடங்கு. அன்று வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம்தான் கல்வெட்டு. அப்பா சொன்ன பட்டியல்:

– வாழ்க்கை வரலாறு, ஒரு பக்கம்
– கணவர் புலம்பல், எட்டு வரி
– சகோதரர் புலம்பல், எட்டு வரி
– நன்றி

பிள்ளைகள் இல்லை, அதனால் பிள்ளைகள் புலம்பல் இல்லை.

ஓம் என்றேன். சந்தோஷத்தில் வாய் முந்திவிட்டது. ஃபோனை வைத்த பிறகுதான் இரண்டாவது வரி மண்டையில் ஏறியது. மாமாவின் குரலில் நான் அழவேண்டும். மாமியை முப்பது வருடம் அடித்த மனிதரின் குரலில்.

பெப்ரவரி 4, புதன்

படப்பிடிப்பு. மறுபடியும் தாதி. இந்த நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் என் சாதனை இதுவரை: தாதி நான்கு, டாக்சிக்காரரின் மனைவி இரண்டு, பிணம் ஒன்று. இன்றைய வசனம் "மருத்துவர் இப்போது வருவார்". ஆறு தடவை எடுத்தார்கள். மருத்துவர் வரவேயில்லை.

காத்திருந்த நேரத்தில் பழைய நினைவுகள். பத்தொன்பது வயதில் லில்லெஸ்ட்ரோமில் ஒரு பியர்க் கடையில் முதல் மேடை. கௌபோய்ச் சப்பாத்தோடு ஒரு தமிழ்ப் பெட்டை; முதல் பாட்டுக்குச் சிரித்தார்கள், மூன்றாவதற்குச் சத்தம் அடங்கியது. முன் மேசையில் அப்பா, கோயிலுக்குப் போடும் சேர்ட்டோடு. அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு அவருக்கு ஒரு வரியும் விளங்காது. ஆனாலும் ஸ்தவாங்கருக்குக்கூட எட்டு மணி நேரம் ரயிலில் வந்தவர்.

பிறகு மூன்றாவது இசைத்தட்டு. ஜூலை வெயிலில் முழுக்கைச் சட்டை போடும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. பெயர் போடவில்லை, மாமியை ஜூலையில் பார்த்த எவருக்கும் பெயர் தேவைப்படவும் இல்லை. மாமி மட்டும் என்னை ஃபோனில் அழைத்தார். "மெட்டு நல்லாயிருக்கு பிள்ளை." அவ்வளவுதான். அப்பா அதன் பிறகு ஒரு மேடைக்கும் வரவில்லை.

பெப்ரவரி 5, வியாழன்

எழுதிவிட்டேன். லில்லெஸ்ட்ரோமில் ரயில் ஏறி ஒஸ்லோவில் இறங்குவதற்குள், பத்தே நிமிடத்தில்.

கைபிடித்த நாள்முதலாய்க் கண்ணிமைபோல் காத்தேனே,
மெய்பிரிந்து போனதென்ன, வீடிருண்டு போனதென்ன...

நன்றாக வந்திருக்கிறது. அதுதான் அருவருப்பு. நடித்துப் பழகியவளுக்கு எவர் தோலுக்குள்ளும் நுழைய முடிகிறது. கண்ணிமையாம். கைபிடித்தாராம். பிடித்த இடமெல்லாம் நீலம்.

ஒத்திகையில் ஓய்ஸ்தைன் என்ன முகம் இது என்று கேட்டான். இருபது வருடமாக எனக்கு ஸ்டீல் கிற்றார் வாசிப்பவன், மறைக்க முடியாது. வரிகளை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு தந்தியை வெகுநேரம் சுருதி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை யார் பாடுவது?"

"யாரும் பாடுவதில்லை. அச்சடித்துக் கொடுப்போம்."

"அப்படியென்றால் இன்னும் மோசம்."

பெப்ரவரி 6, வெள்ளி

நாடாளுமன்றத்தின் முன் கூட்டம். பெண்கள் காப்பகத்தை மூடாதே. விரல் வெட்டிய கையுறையோடு இரண்டு பாட்டு, பிறகு மூன்று நிமிடப் பேச்சு. "மௌனமாக இருப்பவர்களும் கதவைப் பூட்டுகிறார்கள்" என்றேன். கைதட்டினார்கள். தோள்பையில், நான்காய் மடித்து, அந்தக் கண்ணிமை.

பேச்சு முடிந்து ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைப் பார்க்கவில்லை. வெட்கம்.

செய்ய வேண்டியது: பால், தந்தி ஒரு செட், அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்வது.

பெப்ரவரி 7, சனி

புத்தகத்தை வடிவமைக்கும் கவிதா காலையில் ஃபோன். மதுரைக்காரி. "அக்கா, புலம்பல் போடுற அஞ்சாம் பக்கமும் ஆறாம் பக்கமும் காலியா இருக்கு. எங்க ஊர்ல ஒரு போஸ்டரோட முடிஞ்சுரும், நீங்க புக்கே போடுறீங்க! திங்கக்கிழமை பிரிண்டுக்குப் போகணும்."

ஸ்ட்ரோம்மனுக்கு, அப்பா வீட்டுக்கு. தேநீர். சுற்றி வளைக்கவில்லை.

"மாமாவின்ரை புலம்பல் என்னாலை ஏலாது அப்பா."

"அப்ப வெறும் பக்கம் போறதோ?"

"போகட்டும்."

"சனம் கேக்கும்."

"கேக்கட்டும். நீங்கள் ஒன்பது வருஷம் என்னோடை கோவிச்சது காணாதோ? மாமிக்காண்டி ஒரு நாளாவது அவரோடை கோவிச்சனீங்களோ?"

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம். ஒரு கோப்பை கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியேறினேன். கேட்ட ஒரேயொரு உதவியையும் மறுத்துவிட்டேன், இனி ஃபோன் வராது. பஸ்ஸில் அழுதேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

பனி. பதினொரு மணிக்கு அழைப்பு மணி. அப்பா. சொல்லாமல் வந்திருக்கிறார். ஜாக்கெட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"கொப்பி எடு. மாமாவின்ரை பக்கம் வெறுமனே போகட்டும். சகோதரன் புலம்பல் நான் சொல்லுறன்."

பாட்டெழுதும் கொப்பியையும் பேனாவையும் எடுத்தேன்.

"அந்தப் பாட்டிலை நீ அவரை மட்டும்தான் சொன்னனீ. நான் அதைக் களவாக் கேக்கிறனான். விளங்காத இடத்திலை எல்லாம், இனி என்னைச் சொல்லுவாள், இனி என்னைச் சொல்லுவாள் எண்டு இருப்பன். நீ சொல்லேல்லை. உனக்குத் தெரியாது."

பிறகு சொன்னார். மாமிக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம், ஒரு பகல், நான் பள்ளிக்கூடத்தில். மாமி ஒரு பையோடு வந்திருக்கிறார். கழுத்தில் விரல் அடையாளம். அண்ணா, நான் இஞ்சை இருக்கிறன் என்று மட்டும் கேட்டாராம். மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்ததே அப்பாதான். சனம் என்ன சொல்லும் என்று நினைத்தாராம்.

"தேத்தண்ணி குடுத்தனான். குடிச்சு முடிய, பையைத் தூக்கிக்கொண்டு நானே பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போனனான். வழியெல்லாம் அவள் ஒண்டும் கதைக்கேல்லை."

எட்டு வரிக்குள் இதை எப்படி அடக்குவது, எந்தச் சந்தத்தில்? கேட்டேவிட்டேன், தொழில் புத்தி.

"பாட்டாக்காதை. பாட்டாக்கினால் வடிவும் அழகுமாப் போயிடும். சொன்னபடி போடு. அடியிலை என்ரை முழுப் பேரையும் போடு."

எழுதியதை வாசித்துக் காட்டினேன். கடைசி வரி: "அவளைக் கணவன் வீட்டில் விட்டுவந்தேன்." அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். பேனாவைக் கேட்டு வாங்கினார். "விட்டுவந்தேன்" என்பதை வெட்டிவிட்டு, மேலே தன் கையெழுத்தில் எழுதினார்: திருப்பிக் கொடுத்தேன்.