யாரும் கை தூக்காத கூட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வாலில்லாத உன் வால்பையன் சிரேலியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? தலைநகர் சுவாவில் நான் நலம்; விடுதிச் சமையலைத்தான் நலம் என்று சொல்ல முடியாது.

கடல் ஏறிவரும் கரையோர ஊர்களை மேட்டுக்கு மாற்றுவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் பயிற்சியில், போன வாரம் ஓர் ஊரில் நானே கூட்டம் நடத்தினேன். "வேண்டாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு கையும் எழவில்லை. 'அனைவரும் சம்மதம்' என்று பெரிதாக எழுதினேன். பாய் முடைந்துகொண்டிருந்த அந்த ஊர் வசிதி அக்கா சிரித்துவிட்டார்.

"ஏண்டா குட்டி ஆபீசர், தலைவர் முன்னாடி எவ கை தூக்குவா? நாங்க வாய் திறக்கலைன்னா வேண்டாம்னு அர்த்தம். நீயும் ஃபிஜிக்காரன்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அறைக்கு வந்ததும் நம் ஊர்க் கூட்டம் நினைவுக்கு வந்தது. அப்பாவின் கல்லறையைக் கடலுக்கு விட்டுவிட்டு மேட்டுக்குப் போகலாமா என்று கேட்டபோது நீ பேசவே இல்லை. வந்திருந்த ஆபீசர்கள் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் உட்கார்ந்து ஆபீசர் மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

நம் ஊர் பற்றிய கடைசி முடிவு அடுத்த மாதம்தான். இங்கே மழை விடுவதில்லை, அப்பாவின் போர்வையைப் படகில் அனுப்பு. அன்று சொல்லாததை எனக்காவது எழுது. ஊருக்கு வந்து உனக்காக நான் கை தூக்குகிறேன்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உன் சிரேலி