கனம் குறைந்த வண்டி

பீளமேடு,
9.3.1998

அன்புள்ள தம்பி ஜெரோமுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உன் மச்சானும் சுகம். நீ ஜப்பானிலிருந்து நண்பர் கையில் கொடுத்தனுப்பிய லித்தியம் பேட்டரியும் சார்ஜரும் வந்து ஒரு மாதம் ஆகிறது. நம்பிக்கை வராததால் உடனே எழுதவில்லை. கால் விழுந்து நடக்க முடியாத மனிதருக்கு அந்த மூன்று சக்கர வண்டிதான் கால். பழைய ஈய பேட்டரி பாதி வழியில் நின்றுவிடும் என்று நாலு வருஷமாக நான் பின்னாலேயே நடந்தேன். இனித் தனியாகப் போகலாம் என்று நீ எழுதியதும் அவர் அவசரப்பட்டார். நான் விடவில்லை.

தீப்பிடித்தால் கொட்ட வாசலில் மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து நாள் சார்ஜ் ஏற்றி ஏழு செல்லையும் மீட்டரில் தனித்தனியாகப் பார்த்தேன். நீ சொன்ன 4.2 வோல்ட்டை எதுவும் தாண்டவில்லை.

சனிக்கிழமைதோறும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வரும் யூனுஸ், இதில் மூடியைத் தேடிக் களைத்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், தண்ணி குடிக்காம இது எப்படிங்க உசுரோட இருக்கும்" என்றார். ஞாயிறு சர்ச்சுக்கு ஆகட்டும் என்று வழக்கம்போல் பழைய சார்ஜரை மாட்டப் போனார். அது கூடுதல் வோல்ட் கொடுக்கும், தீப்பிடிக்கும் என்று தடுத்து, அப்போதே அதன் வயரை வெட்டிப்போட்டேன்.

இவ்வளவும் பார்த்தவள் ஒன்றைப் பார்க்கவில்லை. அந்த ஞாயிறு சர்ச் வாசல் சரிவில் அவர் திரும்பியபோது பின்சக்கரம் ஒன்று மேலே எழும்பியது. துணைக்குக் கூட வந்த யூனுஸ் பிடித்திராவிட்டால் வண்டி கவிழ்ந்திருக்கும். ஸீட்டுக்கு அடியில் இருந்த ஈய பேட்டரியை எடுத்ததில் முப்பது கிலோ குறைந்திருக்கிறது. அந்தக் கனம்தான் இத்தனை நாள் வண்டியைத் தரையில் அழுத்திப் பிடித்திருக்கிறது. நீயும் எழுதவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"இருபத்தஞ்சு வருசமா காலேஜுல புவியீர்ப்பு மையம் நடத்தறே அம்மணி, கட்டினவனைக் கவுக்கப் பார்த்தியே" என்று உன் மச்சான் வழியெல்லாம் சிரித்தார். நான் வண்டியைப் பிடித்த கையை வீடு வரை எடுக்கவில்லை.

உடைந்த கிரைண்டரின் கல்லையும் தொட்டியையும் யூனுஸ் இரும்புப் பட்டை போட்டு ஸீட்டுக்கு அடியில் இறுக்கிவிட்டார். அதே சரிவில் மூட்டை ஏற்றி எட்டு முறை திருப்பிப் பார்த்தோம். சக்கரம் எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் தனியாகச் சித்ரா பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், சிநேகிதர்களோடு டீ குடித்து, ஆறு மணிக்குத் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மறுநாளும் போனார். நேற்று மாலையும் போனார்.

இன்னும் தூரம் போகிற பேட்டரி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இதுவே போதும். சாயங்காலம் நடக்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போகவில்லை, கூட நடக்கத்தான் ஆளில்லை. மே மாதம் லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ, கண்ணு. தேவன் உன்னைச் சுகமாக வைக்கட்டும்.

உன் அக்கா,
விமலாராணி