அத்தை பாதியில் விட்ட ஆட்டம்

என்னங்க,

ரொட்டியும் முட்டையும் அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். என் மேல இருக்கற கோபத்தச் சாப்பாட்டு மேல காட்டாதீங்க. மருந்துக்கடைய இன்னிக்கு நான்தான் திறக்கணும், கிளம்பிட்டேன்.

எலக்ட்ரீஷியன் மதியம் வருவார். மெயின ஆஃப் பண்ணாம வயர் மாத்த முடியாதாம். அத்தையோட கம்ப்யூட்டர் அணைஞ்சுடும், அதுல அவங்க பாதியில விட்டுட்டுப் போன மாஜோங் ஆட்டமும் போயிடும். ஆஸ்பத்திரியிலேர்ந்து அவங்க திரும்பி வரவே இல்ல, நீங்களும் அத இன்னிக்கு வரைக்கும் அணைக்க விடல. "ஆட்டத்தக்கூட முடிக்க விடாம அம்மாவ இழுத்துட்டுப் போனியே"ன்னு நேத்தும் சொன்னீங்க. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு.

அதான், நானே முடிச்சு வெக்கலாம்னு காலைல உக்காந்தேன். ஒரே மாதிரி இருக்கற ரெண்டு காய ஜோடியா எடுக்கணும், அதுவும் பக்கத்துல காலி இடம் இருந்தாத்தான் முடியும்னு அத்தைதான் சொல்லிக் குடுத்தாங்க. தேடித் தேடிக் கண்ணு வலிச்சதுதான் மிச்சம். உதவி பட்டன அழுத்தினா, எடுக்க ஜோடியே இல்லன்னு வருது.

அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வாசல்ல டாக்ஸி நிக்குது, அத்தை "இரும்மா, இன்னும் ஒரே ஒரு ஜோடி"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. ஆட்டம் அப்பவே முடிஞ்சிருக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குத்தான் பயந்திருக்காங்க. நம்ம ரெண்டு பேருக்குமே அது தெரியல.

பின்வாசல் சாவி செருப்பு அலமாரி மேல.

இன்னொண்ணு. எலக்ட்ரீஷியன் வர்றதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர நீங்களே அணைச்சுடுங்க. என்னால முடியல.