இறங்கச் சொல்லும் அதிர்வு

மேசை மேல் கிடந்த போன் இப்போதுதான் அதிர்ந்து அடங்கியது. பதறி எடுத்துப் பார்த்தால் பிரியாணிக்குத் தள்ளுபடியாம். உடனே உன் நினைவு வந்துவிட்டது, கூடவே கோபமும். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

திருக்கோகர்ணத்தில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் மாறி, பொன்னமராவதியில் வங்கி வேலைக்குப் போய்வந்தவன் நீ. கண் தெரியாததைப் பற்றி நீ அலட்டிக்கொண்டதே இல்லை. ஸ்டாப் வந்தால் சொல்லும்படி தினமும் கண்டக்டரைக் கேட்பதுதான் உனக்குப் பிடிக்காது. கூட்டத்தில் அவர் மறந்துவிடுவார், நீ தள்ளி இறங்கித் திரும்பி நடப்பாய். அதனால்தான் நான் பேருந்துச் செயலி செய்தபோது, இறங்குமிடம் வந்தால் போன் அதிர வேண்டும் என்றாய். வாயால் சொன்னால் போதாதா என்று கேட்டேன். "சத்தமாச் சொன்னா பஸ்ஸுக்கே கேக்கும். எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்டா."

அலுவலக மேசையில் அருமையாக அதிர்ந்தது. டவுன் பஸ்ஸில் ஏறினால் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸே இந்த ஆட்டு ஆட்டும்போது போன் ஆடுவது எங்கே தெரியப்போகிறது என்று சிரித்தாய். அப்புறம் நாம் சேர்ந்து போன பயணங்களுக்குக் கணக்கில்லை. நான் ஜன்னலோரம் லேப்டாப்போடு, நீ சட்டைப்பையில் போனோடு. நீளமாக ஒன்று, கொஞ்சம் நிறுத்தி மறுபடி நீளமாக ஒன்று என்று வைத்தபோதுதான் எஞ்சின் உதறலுக்குள்ளும் உனக்குப் பிடிபட்டது. அன்று யாரையும் கேட்காமல் இறங்கினாய். டீக்கடையில் உன் முகத்தில் அவ்வளவு திமிர்.

பிறகு செயலியை ஒரு கம்பெனி வாங்கியது. செயலி உயிரோட்டமாக இருக்க வேண்டுமாம். விளம்பரத்துக்கு அதிர்வு, கூப்பனுக்கு அதிர்வு. அதுவும் உனக்காக வைத்த அதே அதிர்வு, அதுதான் நன்றாக உறைக்கிறதாம். ஒரு மாலை, கூப்பனை ஸ்டாப் என்று நம்பி நடுவழியில் இறங்கி, மழையில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றாய். காரசாரமாகப் புகார் எழுதினேன். வேண்டாமென்றால் செட்டிங்ஸில் அணைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அணைத்தால் ஸ்டாப் அதிர்வும் சேர்ந்து போய்விடும். எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச்! இதைக்கூட யோசிக்காமல் அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?

நீ கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல். செயலியை நீக்கிவிட்டுப் பழையபடி கண்டக்டரைக் கேட்க ஆரம்பித்தாய். மாரடைப்பில் போகும்வரை அப்படித்தான் போய்வந்தாய். மழையில் நிற்கவைத்துவிட்டார்களே என்று நான் திட்டிக்கொண்டிருந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

"மழை கெடக்கட்டும்டா. தப்பா எந்திரிச்சு நின்னா பஸ்ஸே திரும்பிப் பாக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிறாங்க."

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. நேற்றுக் கூட்டத்தில், மாத்திரைக்கு வரும் அதிர்வையே விளம்பரத்துக்கும் வைக்கச் சொன்னார்கள். ஒரு சின்ன அதிர்வுதானே என்றார் மேலாளர். அதை நம்பி எழுந்து நிற்கிறவனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். மாத்திரைக்கு எதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்று எல்லோரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்த வேலையை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் செய்யப்போவதில்லை.