மூன்றாம் குழியின் பூச்சு

சிம்மக்கல், மதுரை
8.9.2025

அன்பு முத்துமீனா,

நாலு நாளாக நீ அகழாய்வுக் குழிக்கு வரவில்லை, போனும் எடுப்பதில்லை. உடம்புக்கு என்ன? பானை ஓடு ஏற்றும் வேன் டிரைவர் நல்லகாமன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்றாம் குழியில், சுடுமண் குழாய் மூட்டில் நீ காட்டிய பூச்சு, சுண்ணாம்பும் கருப்பட்டியுமாம்! ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் கசியாத பூச்சு! அடியே, எனக்குச் சோறு இறங்கவில்லை, ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காலக்கணிப்பு வர இரண்டு மாதமாகும். அதுவரை யார் பொறுப்பது? வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அறிவிக்கப்போகிறேன். உன் பெயரையும் சொல்வேன்.

சுஷ்மா அக்கா

டி. கல்லுப்பட்டி
9.9.2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் கெடந்து அடிச்சுக்கிருது. வெள்ளிக்கிழமை பேசிராதீங்க. அந்தப் பூச்சு நான் பூசுனது.

ஆடிக் கடைசியில மழை பேஞ்ச அன்னைக்கு, நீங்க கிளம்பின பெறகு பார்த்தா, அந்த மூட்டுல தண்ணி குபுகுபுன்னு வருது. வயக்காட்டுல வளந்த கை, அக்கா. உடைப்பைப் பார்த்தா அடைச்சுட்டுத்தான் அடுத்த சோலி. வெத்தலைச் சுண்ணாம்பு, டீக்கு வச்சிருந்த கருப்பட்டி, செங்கப்பொடி எல்லாத்தையும் பிசைஞ்சு அப்பிட்டேன்.

மறுநா விசயத்தைச் சொல்லத்தான் அதை உங்களுக்குக் காட்டினேன், பார்த்ததும் என்னையக் கட்டிப்பிடிச்சுக் குதிச்சீங்க. கண்டெடுத்த பொருள்ல கை வச்சா வேலை போயிரும்னு நீங்கதான சொன்னீங்க. இம்புட்டு நாளும் மறைச்சது தப்புத்தான். என் வேலை போனா போகுது, உங்க பேரு கெடக் கூடாது.

முத்துமீனா

சிம்மக்கல்
14.9.2025

முத்துமீனா,

கருத்தரங்கில் அதை அறிவிக்கவில்லை. காரணத்தைச் சொன்னேன், சிரித்தார்கள். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. வேலைப் பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டேன்.

நேற்று, நீ அப்பியதை நானே சுரண்டி எடுத்தேன். தண்ணீர் வந்தது. மழை பெய்து ஒரு மாதமாகிறது, அது எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. மற்ற பதினோரு மூட்டிலும் பூச்சே கிடையாது, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அந்தக் காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? கூட இருப்பவர்களெல்லாம் அளவெடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். தண்ணீர் வருவதைப் பார்த்து உன்னைப் போலப் பதறிய ஆள் அங்கே ஒருத்தர்கூட இல்லை.

வேலைக்கு இல்லை, சும்மா வாடி. நாளைக் காலை வேன் உன் வீட்டு வாசலுக்கு வரும்.

சுஷ்மா