ஸ்டேஷன் பெஞ்சில் உன் இடம்

என் அன்புக்கும், அவ்வப்போது என் பயத்துக்கும் உரிய சுகந்திக்கு,

இந்த நிமிடம் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில். நீ எம்.எல்.ஏ.வாக இருந்தபோது, போலீஸ் உள்ளே கொண்டுபோன பையன்களைக் கண்ணால் பார்க்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாயே, அதே பெஞ்ச். "உனக்கு வேற சோலி இல்லியா?" என்று எத்தனை தடவை சண்டை பிடித்திருப்பேன்! இன்று நீ ஊரில் இல்லாததால், வடசேரிக் கடையைப் பூட்டிவிட்டு நானே வந்திருக்கிறேன். போனில்தான் தட்டுகிறேன், எழுத்தெல்லாம் தப்பாக விழுகிறது.

பக்கத்து வீட்டுச் செல்லத்துரை மதியம் கடைக்கு ஓடிவந்தான். மகன் அஜினின் பையில் கஞ்சாப் பொட்டலத்தைப் பார்த்து, போலீஸ் மிரட்டி விடட்டும் என்று காலையில் அவனே மகனை ஸ்டேஷனில் கொண்டு விட்டிருக்கிறான். திரும்ப அழைக்கப் போனால், விற்றதாக வழக்கு என்று சொல்லி விரட்டிவிட்டார்களாம்.

"ரெண்டு தட்டு தட்டி விடுவாவன்னு நெனச்சேன் வே. இப்பம் அவன் வாழ்க்கையே போவப் போவுது. கூட வருவியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இராஜாக்கமங்கலம் கூட்டத்தில் நீ என்ன கேட்டாய்? லாரியில் கடத்துகிறவனுக்கு ஜெயில், பழக்கத்தில் விழுந்தவனுக்கு ஆஸ்பத்திரி, லாக்கப்பில் கேமரா. சட்டத்தை அப்படி மாற்றுங்கள் என்றாய். "கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குதா!" என்று முன்வரிசையில் எழுந்து கத்தியவன் இவன்தானே? நீ தோற்ற அன்று நம் வாசலில் வெடி போட்டவனும் இவன்தானே? போடா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் நீ என்னை மன்னித்திருப்பாயா?

வக்கீலுக்குப் போன் போட்டுவிட்டு, அவனோடு இங்கே வந்து உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"நீரு எம்.எல்.ஏ.வா?"

"அவ புருஷன் சார். பைப் விக்கேன். பயல ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

அப்போது உள்ளேயிருந்து, "அடிக்காதீங்க சார்!" என்று ஓர் அலறல். கேமராவைப் பற்றிக் கேட்டேன். ரிப்பேராம். செல்லத்துரை என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உனக்கும் இப்படித்தான் இருக்குமா? ஒருநாளும் சொன்னதில்லையே.

வக்கீல் வந்து அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு, விற்ற வழக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அஜினை வெளியே விட்டார்கள். உடம்பில் ஒரு காயம் இல்லை. ஆனால் அவன் ஆட்டோவில் ஏறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அடி வாங்குனது நான் இல்ல. உள்ள இன்னொருத்தன் கெடக்கான். வடக்கத்திப் பையன். அவனுக்கு வாறதுக்கு ஆளில்ல."

அவர்களை அனுப்பிவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறேன், சுகந்தி. அந்தப் பையனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவனைக் கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னோடு சண்டை பிடித்தே வாழ்ந்த உன் வீட்டுக்காரன்,
தாணு