கல் தெரியவில்லை

ஜூன் 9, திங்கள்

ஹவுஸ் சர்ஜன் வாழ்க்கையில் இன்று முதல் ரேடியாலஜி போஸ்டிங். சந்திரலேகா மேடம் ஒரு வயிற்று எக்ஸ்ரேயைக் காட்டி, "வலிக்கிற இடத்துக்கு நேரா ஓடாதே பிரவீனா" என்றார். முதலில் இரண்டு சிறுநீரகங்கள். பிறகு முதுகெலும்பின் பக்கவாட்டு நுனிகளை ஒட்டிச் சிறுநீர்க்குழாய் இறங்கும் வழி. கடைசியில் சிறுநீர்ப்பை. வெள்ளைப் புள்ளியெல்லாம் கல் இல்லையாம். சரி, இதென்ன பிரம்மவித்தையா?

ஜூன் 11

பேச்சிராஜ். சங்கரன்கோவில் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் கம்பெனியில் கான்ட்ராக்ட். நைட் ஷிப்ட் முடித்து, கேன்டீனில் தின்றுவிட்டு நேராக வந்திருந்தான். வலது விலாவிலிருந்து தொடை இடுக்கு வரை வலி. படம் முழுக்க வாயு. வெள்ளையாக எதுவும் காணோம்.

"கல்லு இருக்கா மேடம்?"

மேடம் பார்க்கும்வரை உட்காரச் சொல்லியிருக்கலாம். என்னைப் போய் மேடம் என்ற குஷியில், "கல் இல்லை, நார்மல்" என்றேன். படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 12

கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பார்த்த சந்திரலேகா மேடத்திடம் செம டோஸ். "கல்லு இல்லையா, உனக்குத் தெரியலையா? எல்லாக் கல்லும் எக்ஸ்ரேல விழாது. வயித்து கேஸ் வேற மறைச்சிட்டிருக்கு. ஸ்கேனுக்கு அனுப்பாம வீட்டுக்கு அனுப்பியிருக்கே!"

அவனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. கம்பெனி லைனுக்குள் போன் கூடாது, லாக்கரில் கிடக்கும்.

ஜூன் 13

இன்று அவன் போனை ரூம்மேட் தளவாய் எடுத்தான். "சூப்பர்வைசர் படத்தப் பாத்துட்டு, 'நார்மல்னு சொல்லிக்கீறாங்க, இன்னா நடிக்கிறியா'ன்னு ஓவர்டைம் போட்டுட்டாரு மேடம். இப்ப காய்ச்ச அனலாக் கொதிக்கு. ஒடம்பு நடுங்குது."

அய்யோ, காய்ச்சலா! அடைச்ச சிறுநீர்ல கிருமி ஏறியிருந்தா — கூட்டிட்டு வாங்க, இப்பவே வாங்கன்னு கத்திட்டேன்.

சிடி ஸ்கேனில் வலது குழாயின் அடியில் கல். சிறுநீரகம் வீங்கியிருந்தது. அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்க உடனே ஸ்டென்ட் குழாய் வைத்தார்கள்.

ஜூன் 14

காய்ச்சல் இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. அவனுக்கு ஏதாவது ஆனால்?

ஜூன் 16

இறங்கியது. அப்பாடா.

ஜூன் 18

பேச்சிராஜ் டிஸ்சார்ஜ். லைனில் வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். தளவாய் தன் கம்பெனியில் கேட்டுப் பார்க்கிறானாம். சிடி படத்தில் கல்லைக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன்.

"பரவால்ல மேடம். நீங்க நார்மல்னு சொன்ன பொறவு எனக்கே சந்தேகமாப் போச்சு, சும்மாதான் வலிக்கோன்னு. அதான் பல்லக் கடிச்சிட்டு நின்னேன்."

அவன் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நெசமாவே என் படந்தானா?"

மூலையில் இருந்த பெயரைப் படித்துக் காட்டினேன்.